தகரக் களிறு தலைவாயில் கடந்தது

வாழ்க அவள் கொற்றம்! ஊரார் வீசியெறிந்ததை ஓடியெடுத்து அணைத்தவள், துருவுக்குத் தோழி, பற்றவைக்கும் பொறிமழையிற் கண்ணிமையாத வீரத்திருமகள், கண்காட்சி ஒன்றுக்கு முதன்முதலாக அழைக்கப்பட்ட சிற்பி; அவள் பொருத களத்தைப் பாடத் துணிந்தோம், எம் சொல்லிற் குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

பழுதுற்ற துணிதுவைக்கும் இயந்திரத்தின் உருளையே வயிறாகவும், ஒடிந்த சைக்கிள்களின் கைப்பிடிகளே கொம்பாகவும், நெளிந்த குளியலறைக் குழாயே துதிக்கையாகவும், மொட்டைமாடிகளிற் கேட்பாரற்றுக் கிடந்த இரு டிஷ் ஆன்டெனாக்களே அகன்ற செவியாகவும், வீட்டுக் கூடத்தை அடைத்து நின்றது அவள் படைத்த களிறு. அதன் உறுப்பெல்லாம் ஒவ்வொன்றாய் நுழைந்த அதே தலைவாயில், அவை ஒருங்குகூடிப் புறப்பட்ட அன்று வழிவிட மறுத்தது.

மதிற்கதவம் பாயும் போர்யானையை உந்துவார்போல், முன்னின்று அவள் இழுக்க, முதுகுவலி என்னும் பெரும்பகையோடு பல்லாண்டு பொருதுவரும் அவள் கணவர் பின்னின்று தள்ள, செவிகள் நிலையில் மோதின, சுண்ணாம்பு உதிர்ந்தது, களிறு அசையவில்லை. தெருவில் காத்திருந்த வேன் போர்ச்சங்கென முழங்கிற்று. அதன் ஓட்டுநர் தலைநீட்டி முழங்கினார்: "அக்கா, மண்டபத்தைப் பூட்டிருவாங்க! அப்புறம் என்னைச் சொல்லாதீங்க!"

கணவர் வியர்வை துடைத்தார். "ஏம்மா, ஒரு காதை மட்டும் அறுத்துட்டா என்ன? அங்க போய் ஒட்டிக்கலாம்ல?"

அச்சொல் வேலெனப் பாய்ந்தது. ஒட்டிய இடம் ஒட்டியதாகவே தெரியும் என்பதை அவள் அறிவாள். தன்னை ஒரு பொருட்டாக மதித்து அழைத்தவர்முன் ஒட்டுக்காதுக் களிற்றை நிறுத்துவதினும், போகாதிருத்தலே மேல் என்று அவள் நெஞ்சு ஒருகணம் தளர்ந்தது. பின்னர், செவியைத் தடவியபடியே வஞ்சினம் கூறினாள்:

"கதவை வேணா கழட்டுங்க. காதுல கைவெச்சீங்க, நடக்கிறதே வேற!"

திருப்புளி எழுந்தது. கீல்கள் அலறின. கோட்டை வீழ்ந்தாற்போல் கதவு வீழ்ந்தது. ஆயினும் மரநிலையோ மன்னர் மாண்டபின்னும் மண்டியிடாத மறவனென நின்றது. அதைப் பிளந்தெறிய அவள் உளிமேற் சுத்தியலை ஓங்கிய வேளையில், பின்புறம் களிற்றைத் தாங்கிநின்ற கணவருக்குத் தும்மல் வந்தது. பிடி நழுவிற்று. ஒரு செவி விண்ணையும் மறுசெவி மண்ணையும் நோக்க, ஒருக்களித்துச் சாய்ந்த களிறு, கீறலொன்றும் இன்றி வழுக்கிச் சென்று, அவளையும் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றது.

"அப்போ சாய்ச்சிருந்தாலே போதுமா?" என்றார் கணவர்.

களிற்றை ஏற்றிவிட்டு அவளும் வேனில் ஏறினாள்.

கதவைத் திரும்ப மாட்டிவிட்டார்கள், ஆனால் சரியாகச் சாத்த வரவில்லை.