சூரியனை இரவு என்று சொல்லாத மயூரா

டண்டினொங், அவுஸ்திரேலியா

அன்புள்ள தங்கச்சி கலாவுக்கு, நீயும் பிள்ளைகளும் ரொறன்ரோப் பனியில் வழுக்கி விழாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அக்கா எழுதுவது.

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மகன் அருந்தவன், கொலம்பியா நாட்டு மருமகள் பவுலா, ஐந்து வயதுப் பேத்தி மயூரா, பள்ளிக்கூடம் ஒழுங்குபண்ணிய பரிசோதகி. என்னைக் கூட்டிப்போனது, தனிய விட்டால் அடுப்பை அணைக்க மறப்பேன் என்று. நானா மறப்பவள்? என் கலியாணக் கூறைச் சேலையைப் பார்த்து வாய் கோணியவர்களின் பெயர்கள் இன்னும் வரிசையாய்ச் சொல்வேன்.

மயூரா தாயோடு ஸ்பானிஷ், என்னோடு தமிழ், இங்கிலீஷ் இப்போதுதான் பழகுகிறாள். யோசித்து, மனதை அடக்கிக் காரியம் செய்யும் மூளைத் திறமையைச் சோதிக்கிறார்களாம். சூரியன் படத்தைக் காட்டினால் இரவு என்றும் நிலவைக் காட்டினால் பகல் என்றும் கெதியாய்ச் சொல்லவேண்டுமாம். இது அருந்தவன் என் காதில் சொன்னது. எல்லாம் இங்கிலீஷில். பிள்ளை சூரியனைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"ஆர் கேட்டாலும் பொய் சொல்லாதை குஞ்சு" என்றேன்.

"ஆச்சி, இவவுக்குச் சூரியன் தெரியாதே?" என்றவள், கடைசிப் படம்வரை உண்மையே பேசினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிவு வந்தது. புள்ளி மிகக் குறைவாம், மொழிகள் கூடிக் குழப்பமாம், வீட்டில் இனி இங்கிலீஷ் மட்டும் பேசட்டாம். பவுலாவின் முகம் செத்துப்போனது. பரிசோதகி வசனத்தை முடிக்கமுதலே அருந்தவன் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினான். யோசித்துப் பதில் சொல்லும் சோதனையை இவனுக்கல்லவோ வைத்திருக்கவேண்டும்! அந்தப் பரிசோதகி நல்லாயிருப்பாளா?

அன்றுமுதல் எனக்குக் கதைக்க ஆளில்லை. குசினியில் பவுலா என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அதோடு சரி. மயூரா "ஹலோ கிராண்ட்மா" என்றுவிட்டு ஓடுகிறாள். பிரிட்ஜ் உறுமினால் "ஓம், சொல்லு" என்கிறேன், கலா.

உன் மக்களுக்கும் மருமக்களுக்கும் என் ஆசீர்வாதம் முழுக்க.

உன் அக்கா,
இராசமலர்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் பரிசோதகியே போன் எடுத்தாள். ஸ்பானிஷ் தெரிந்த ஒருத்தி புள்ளிகளைத் திரும்பப் பார்த்தாவாம். இங்கிலீஷ் மட்டும் பேசும் பிள்ளைகளோடு ஒப்பிட்டது பிழையாம். சரியாய் விளங்காத மொழியில் கேட்டுவிட்டு மூளையில் குறை சொல்ல ஏலாதாம். ஸ்பானிஷில் திரும்பச் சோதிப்பார்களாம், அதுவரை வீட்டில் எந்த மொழியும் தாராளமாய்ப் பேசலாமாம். ஆகையால் மேலே அவளைப் பற்றி எழுதியதை வெட்டிவிடு. பவுலா அந்த இடத்திலேயே மகளைத் தூக்கி ஸ்பானிஷில் கொஞ்சினாள். நானும் பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"விடுங்கோ அம்மா, அவளுக்கு ரெண்டு மொழி காணும், தமிழ் வேண்டாம்" என்று மகன் தடுத்தான்.

பரிசோதகியை மன்னித்தேன். கூறைக்கு வாய் கோணியவர்களையும் மன்னித்தேன். நான் மன்னிக்கமாட்டாத ஆள் ஒருவன்தான், அருந்தவன்.