பின் இருக்கையில் குளிர் இல்லை

குடிநீர்ப் பரிசோதனைத் துறையில் தண்ணீருக்குச் சட்டை உண்டு. அதைச் சுமந்து வருகிற ஆளுக்குக் கிடையாது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மாதிரித் தண்ணீர் உறைந்தால் பாட்டில் விரிசல் விடும், ஆகவே பாட்டில் ஒவ்வொன்றுக்கும் கம்பளி உறை வழங்கப்பட வேண்டும் என்று விதியில் இருக்கிறது. ஆள் உறைந்தால் என்ன ஆகும் என்று விதி எழுதினவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

அந்த ஆளைத் துறையில் எல்லோரும் பாட்டில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். விடிந்தும் விடியாமலும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, மேட்டுச் சாலையில் இருக்கும் ஒன்பது தொட்டிகளுக்கும் போய், ஒன்பது பாட்டில் நிரப்பி, எட்டு மணிக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். குளிர்காலம் வந்தால் அவர் மனைவி பழைய செய்தித்தாளை மடித்து மடித்து அவர் சட்டைக்குள் திணிப்பாள்.

"விளம்பரப் பக்கத்தை நெஞ்சுல வச்சிருக்கேன். அதுதான் கெட்டித் தாள். அசையாம ஓட்டுங்க."

நெஞ்சுக்குத் தாள் போதும். விரலுக்கு? கையில் காலுறையை மாட்டிப் பார்த்தார். பிரேக் வழுக்கியது. வெறுங்கையோடு ஓட்டினார், விரல் மரத்துப்போய் ஒரே மாதத்தில் இரண்டு பாட்டில் கீழே விழுந்து உடைந்தன. மெமோ வந்தது. மூன்றாவது உடைந்தால் வேலை போய்விடும் என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தது.

பாட்டில்காரர் ஒரு ஜோடி கையுறையும் ஒரு தோல் சட்டையும் கேட்டு மனுப் போட்டார்.

மனுவைக் கண்காணிப்பாளர் படித்தார். அறையில் ஹீட்டர் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் அலுவலகத்தில் மஃப்ளர் சுற்றுவது மோஸ்தர் என்பதால், எல்லோரும் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து மஃப்ளருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குளிருதுன்னு நீங்க சொன்னா போதுமாய்யா? அலுவலர் ஒருத்தர் நேர்ல போய்க் குளிரைக் கண்டறியணும். நானே வர்றேன்."

மறுநாள் காலை கண்காணிப்பாளர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து வண்டியே ஒரு தடவை இருமியது. முழங்கால் வரை ஓவர்கோட், குல்லா, மஃப்ளர், இரண்டு கையிலும் தோல் உறை. குளிரை ஆய்வு செய்யப் போகிற அலுவலர் குளிரில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் துறையே கொடுத்தவை.

"சார், நீங்க முன்னாடி உட்கார்ந்து ஓட்டிப் பாருங்க சார். அப்பத்தான் தெரியும்."

"ஆய்வு பண்றவன் ஆய்வுதான் பண்ணணும், வண்டி ஓட்டக் கூடாது. நீங்க எடுங்க."

போனார்கள். மேட்டுச் சாலையில் காற்று முகத்தை அறைந்தது. பாட்டில்காரர் கண்ணில் நீர் வழிந்து காதுவரை ஓடியது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, தொட்ட விரலுக்கும் தெரியவில்லை. பின்னால் கண்காணிப்பாளர் அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்து நிம்மதியாகக் குறட்டை விட்டார். ஐந்தாம் தொட்டியில் விழித்துக்கொண்டு மஃப்ளரைத் தளர்த்தினார்.

"எங்கய்யா குளிரு?"

"இவ்வளவு நேரம் அடிச்சுதே சார்."

"எனக்கு ஒண்ணும் படலையே."

"நீங்க என் முதுகுக்குப் பின்னாடி இருக்கீங்க சார். குளிரெல்லாம் முன் சீட்டுலதான் சார் இருக்கு."

கண்காணிப்பாளர் நேர்மையான மனிதர். கேட்டதையும் கண்டதையும் அப்படியே அறிக்கையில் எழுதினார். "இருபத்தேழு கிலோமீட்டர் தூரமும் பின் இருக்கையில் குளிர் தென்படவில்லை. ஐந்தாம் தொட்டி அருகே இலேசாக வியர்த்தது. குளிர் முன் இருக்கையில் தங்கியிருப்பதாக மனுதாரர் கூறுகிறார். அவர் அழுதுகொண்டிருந்தார், குடும்பப் பிரச்சினையாக இருக்கலாம்."

தலைமை அலுவலகத்திலிருந்து பதினொரு நாளில் உத்தரவு வந்தது. குளிர் முன் இருக்கையில் மட்டுமே உள்ளதால் மனுதாரரைப் பின் இருக்கைக்கு மாற்றலாம்.

"அப்ப வண்டிய யாரு சார் ஓட்டுறது?"

"அதுக்குப் புதுப் பணியிடம். முன்னிருக்கைப் பணியாளர். உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுங்க."

இருந்தார். மனைவியின் தம்பி வேலையில்லாமல் நான்கு வருஷமாக வீட்டோடு இருந்தார். "உங்க புண்ணியத்துல அவன் தலையெடுக்கட்டும்" என்றாள் மனைவி. மச்சான் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

பாட்டில்காரர் இப்போது குளிர்நிலை ஆய்வாளர் (பின் இருக்கை). ஆய்வு செய்கிறவர் என்பதால் ஓவர்கோட், குல்லா, மஃப்ளர், கையுறை எல்லாம் வந்து சேர்ந்தன. தினமும் ஒரு பதிவேட்டில், "ஆய்வாளர் நேரில் உணர்ந்த குளிர்" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

மூன்றாம் நாளே மச்சான் கெஞ்சினார். "அத்தான், விரல் என் விரல் மாதிரியே இல்ல. குளிருதுன்னு ஒரு வரி எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பாட்டில்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கையுறையைக் கழற்றிக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். சுரீரென்றது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். எழுதத்தான் நினைத்தார். ஆனால் பின் இருக்கையிலும் குளிர் என்று எழுதினால் பின் இருக்கை எதற்கு என்று கேட்பார்கள். அதை எடுத்துவிட்டால் தாம் எங்கே உட்காருவது? அதுவுமில்லாமல் கட்டத்தில் நேரில் உணர்ந்ததைத்தானே கேட்கிறார்கள், கையை நீட்டித் தேடிப் பிடித்ததையா கேட்கிறார்கள்? கையுறையை மாட்டிக்கொண்டு, "இல்லை" என்று எழுதினார். கை நடுங்காததால் கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.

அந்த வாரக் கடைசியில் மச்சான் கையிலிருந்து மூன்றாவது பாட்டில் விழுந்து உடைந்தது. ஆய்வாளர் என்ற முறையில் காரணம் எழுத வேண்டியவர் பாட்டில்காரர். பின் இருக்கையில் குளிர் இல்லாதது பதிவேட்டிலேயே இருந்தது. "கவனக்குறைவு" என்று எழுதினார். மச்சானுக்கு வேலை போயிற்று. திங்கட்கிழமை வேறொருவர் வருவதாகச் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி தம்பியின் சட்டைக்குள்ளிருந்து கசங்கிய செய்தித்தாளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இத்தனை நாளா உங்களுக்கு முன்னாடி யாரு உட்கார்ந்திருந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன," என்றார் பாட்டில்காரர், மஃப்ளரைக் கழற்றிக்கொண்டே. "நல்ல அகலமான முதுகு. திங்கக்கிழமை வர்றவன் எப்படியோ."