கதவுக்கு உள்ளே மறியல் ஐயா

சிட்னியில் மறியல் ஐயாவிடம் எண்ணப்படாமல் ஒரு இடியப்பமும் தட்டுக்குப் போனதில்லை. இடியப்பத்துக்கே அந்தக் கதி என்றால் மனிசரைக் கேட்கவேண்டாம்.

ஜெயிலை எங்கள் பக்கத்தில் மறியல் என்போம். அந்த மறியலில் முப்பது வருசம் காவல் அதிகாரியாக இருந்துவிட்டு, கிரவீனில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். உத்தியோகம் முடிந்தது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மடிப்புக் கலையாத காற்சட்டை, இடுப்பில் சாவிகளெல்லாம் கோத்த திறப்புக்கொத்து. நடந்தால் மாட்டுவண்டி வருகிற சத்தம் கேட்கும்.

எங்கள் முதியோர் கூட்டத்துக்குப் புதனும் வெள்ளியும் ஹோலில் மதியச் சாப்பாடு. சமையல் என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான், ஆனால் நூறு பேருக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்தாலும் உப்பை நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டேன். கை அறியும். ஐயா செயலாளர். சாப்பாட்டுக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம் ஆட்களை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் ஒருவரும் கதிரையில் இருக்க முடியாது. கழிவறைக்குப் போன ஆள் திரும்பும்வரை முப்பத்தேழு கிழடுகளும் நிற்கவேண்டும்.

ஒருநாள் எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது. குறைந்தால் தேடலாம், கூடினால் என்ன செய்வது? மூன்று தரம் எண்ணினார். முப்பத்தொன்பதேதான். கடைசியில் பார்த்தால், தண்ணீர்க் குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரர் எங்களோடு வரிசையில் பொறுமையாக நிற்கிறார். ஏதோ எங்கள் வழக்கம் என்று நினைத்தாராம்.

“அந்த ஆளை விடுங்கோ ஐயா, அவருக்கு வேலை இருக்கு” என்றேன்.

“எண்ணின ஆள் சாப்பிடாமல் வெளியில போகேலாது, பரிமளம்.”

அந்த மனுசன் இருபது இடியப்பம் சாப்பிட்டார். அடுத்த புதன்கிழமை குழாய் ஒன்றும் உடையாமலே வந்து வரிசையில் நின்றார்.

குசினியில் ஐயா ஒரு பெரிய பலகை அடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு கத்திக்கும் அகப்பைக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பு மையால் கீறி, அதன் மேலேயே சாமானைக் கொழுவ வேண்டும். எடுத்தது திரும்பி வராவிட்டால் அதன் நிழல் மட்டும் பலகையில் நிற்கும். மறியல் குசினிகளில் அப்படித்தானாம்.

என்னோடு சமைக்கிற லெட்சுமி மலேசியாக்காரி, வாய் சும்மா இருக்காது. “ஏன் ஐயா, இந்தக் கரண்டி ஓடிப் போயி என்னா செய்யப் போவுது?”

“ஓடின பிறகு கேட்டு வேலையில்லை, லெட்சுமி.”

ஒரு வெள்ளிக்கிழமை என் துவாய்க்குள் சுற்றுப்பட்டு ஒரு நெடுங்கை அகப்பை வீட்டுக்கு வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு வாசலில் மணி அடிக்கிறது. திறந்தால் ஐயா.

“பரிமளம், ஒண்டு வெளியில நிக்குது.”

“ஆர் ஐயா? உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ.”

“அகப்பை.”

தேத்தண்ணி குடுத்தேன், குடித்தார். அகப்பையைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். வழியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி அது என்னவென்று கேட்க, “பிடிபட்டது” என்று மட்டும் சொன்னாராம்.

பூட்டு விசயத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். ஹோலில் எந்தக் கதவிலும் ஆமைப்பூட்டு திறந்தபடி தொங்கக் கண்டால், கண்ட ஆள் உடனே அதை அமத்திப் பூட்டவேண்டும். “ஆர் திறந்தது, ஏன் திறந்தது எண்டு கேக்கிறது உங்கட வேலை இல்லை. அமத்துங்கோ. அவ்வளவுதான்.” வருசக்கணக்காக எங்களுக்கு இதைப் பாடமாக்கினார். இதை நினைவில் வைத்திருங்கள்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் தயாளன் வந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். குடித்துவிட்டுக் கார் ஓடி, ரோட்டைக் கடந்த ஒரு மனுசனின் காலை முறித்தவன். அந்த மனுசன் இன்றைக்கும் தடியோடுதான் நடக்கிறார். தயாளன் இரண்டு வருசம் மறியலில் இருந்து வெளியில் வந்து, தமக்கை வீட்டில் ஒதுங்கியிருந்தான். உள்ளே பாண் சுடப் பழகியிருக்கிறான். நார்த்மீட்டில் ஒரு பேக்கரிக்காரர் வேலை தருகிறேன் என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. எங்காவது ஒரு குசினியில் மூன்று மாதம் ஒழுங்காக வந்து வேலை செய்து, அதன் பொறுப்பாளரிடம் கடிதம் வாங்கி வரவேண்டும்.

எங்கள் குசினியின் பொறுப்பாளர் யார்? சமையல் நான்தான். கையெழுத்து ஐயா.

“வரட்டும். வாறதைத் தடுக்கேலாது. ஆனா கடிதம் நான் எழுதமாட்டன்” என்றார் முதல் நாளே. முதல் இரண்டு கிழமை அவனுக்குக் கத்தி கொடுக்கவில்லை. பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அதைப் பார்த்தான், அது அவனைப் பார்த்தது. லெட்சுமி தன் கத்தியை அவனிடம் தள்ளிவிட்டு, “நான்தான் வெட்டுறேன்னு எழுதிக்குங்க ஐயா” என்றாள்.

சாப்பாட்டு மேசையில் கிழமைக்கு இரண்டு தரம் இதே வழக்கு.

“மறியல் எதுக்கு? தண்டிக்க. திருத்திறதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, கோயில் இருக்கு” என்பார் ஐயா.

“அப்ப தண்டனை முடிஞ்சு வாறவன் எங்க ஐயா போறது? திரும்ப முதலாம் வகுப்புக்கோ?” என்பேன்.

“காலை முறிச்சவன் கேக் சுடப் பழகினா முறிஞ்ச கால் பொருந்துமோ, பரிமளம்?”

“அவனை வீட்டுக்குள்ள பூட்டி வச்சா மட்டும் பொருந்துமோ?”

இந்தக் கதை நடக்கும்போதெல்லாம் தயாளன் எங்களுக்கு அப்பளம் வைத்துக்கொண்டு போவான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. ஐயாவுக்கு இரண்டாய் வைப்பான்.

வெள்ளிக்கிழமைகளில் மீன்கறி உள்ளே வைத்த பணிஸ் சுட்டான். நான் லேசில் ஒருவர் கைப்பக்குவத்தைப் புகழுகிறவள் இல்லை. அந்தப் பணிஸைப் புகழ்ந்தேன். தட்டில் நாற்பது வைத்து மேசைக்கு அனுப்புவோம். ஐயா எண்ணுவார். “நாப்பது. சரி.” அவர் எண்ணிவிட்டுப் போனபின் நான் எண்ணினால் முப்பத்தொன்பது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் மரியாதை தெரியும்.

மூன்று மாதமும் முடிந்தது. திங்கட்கிழமை காலை பேக்கரியில் கடிதம் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. கடைசி வெள்ளிக்கிழமை, பாத்திரம் எல்லாம் கழுவியபின் தயாளன் கையைத் துடைத்துக்கொண்டு ஐயாவுக்கு முன்னால் போய் நின்றான்.

“ஐயா, அந்தக் கடிதம்.”

“முப்பது வருசத்தில ஒரேயொருத்தனுக்கு எழுதினனான்” என்றார் ஐயா. “நல்லவன் எண்டு எழுதி, கையெழுத்தும் வச்சு வெளியில விட்டன். பதினாறாம் நாள் திரும்பி வந்தான், முந்தினதிலும் பெரிய குற்றத்தோட. நான்தான் கதவைத் திறந்து உள்ளுக்கு விட்டது. அதுக்குப் பிறகு எழுதுறேல்லை.”

தயாளன் தலையை ஆட்டினான். “விளங்குது ஐயா.” போய் அடுப்பைத் துடைக்கத் தொடங்கிவிட்டான். ஐயாவும் சாமான் கணக்குப் பார்க்க எழும்பிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியில் நடந்தேன். போகிற வழியில் ஸ்டோர் ரூம் கதவில் பூட்டுத் திறந்தபடி தொங்கியது. கை தானாய்ப் போய் அமத்தியது. டிக்.

பிறகு ஹோலில் ஒரு கதிரையில் இருந்து என் மகனின் காருக்குக் காத்திருந்தேன். குசினியில் தயாளனைத் தவிர மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். பத்து நிமிசத்தில் எங்கேயோ இடி இடிப்பதுபோல் கேட்டது. பார்த்தால் வானம் நல்ல வெளிச்சம். இடித்தது ஸ்டோர் ரூம் கதவு.

“ஆரது பூட்டினது? ஆரது?”

நான்தான். அவர் படிப்பித்த பாடத்தை நூற்றுக்கு நூறு செய்தவள் நான் ஒருத்திதான்.

திறப்புக்கொத்து ஐயாவின் இடுப்பில், கதவுக்கு உள்ளே. பூட்டு வெளியே. மேலதிகத் திறப்பு எங்கே என்று கேட்டோம். பத்திரமாய் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு, அந்த ரின்னை ஸ்டோர் ரூமுக்குள்ளேயே வைத்திருக்கிறார். யன்னல் சின்னது, அதற்கும் கம்பி. கம்பி போட்டவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. தயாளன் ஹோல் பராமரிக்கிறவருக்குப் போன் பண்ணினான். பூட்டு வெட்டுகிற ஆயுதத்தோடு வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்.

அதைக் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஐயாவின் குரல் மாறிவிட்டது. அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

“பரிமளம், இதுக்குள்ள காத்து இல்லை.”

மனுசனுக்கு ஏற்கெனவே நெஞ்சு வருத்தம். தயாளன் ஒரு கதிரையை இழுத்துக் கதவோடு போட்டு, அதில் இருந்தான்.

“ஐயா, கதவுக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ. என்ர செருப்புத் தெரியுதோ?”

“தெரியுது.”

“செருப்புத் தெரிஞ்சா காத்தும் வரும். மாப் பைக்கு மேல இருங்கோ. இனிக் கதவைப் பாக்காதேங்கோ. கதவைப் பாத்தா நேரம் நிண்டுடும். எண்ணுங்கோ.”

“என்னத்தை?”

“இருக்கிறதை.”

உள்ளே மெல்ல எண்ணத் தொடங்கினார்: “பருப்பு, ஆறு பை. மா, பதினொண்டு. கடுகு, நாலு. தேங்காய்ப்பால் ரின், இருபத்து மூண்டு…” திடீரென்று பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. “இருபத்து நாலு இருக்கவேணும்! ஒண்டு குறையுது!”

“அது நான் வீட்டை கொண்டு போனனான், ஐயா” என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“வெளியில வந்து கதைக்கிறன்” என்றார். தயாளன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கும் மூச்சு வந்தது.

எல்லாம் எண்ணி முடித்தபின் ஐயாவே கேட்டார்: “தயாளன், நீர் உள்ளுக்கு இருக்கேக்க ஆர் உம்மை எண்ணினது?”

“கனபேர் எண்ணினவை ஐயா. நம்பரைச் சொல்லி. ஒரேயொரு ஒபிசர் மட்டும் பேரைச் சொல்லி எண்ணுவார். அவர் வாற நாளில எழும்பி முகம் கழுவிட்டு நிப்பன்.”

“பேரைச் சொல்லியோ? நேரம் போகுமே.”

“போகும் ஐயா.”

பிறகு தயாளன் தானாகவே சொன்னான். “நீங்கள் மேசையில சொல்லுறது பிழையில்லை ஐயா. எனக்குத் தண்டனை வேணும்தான். அந்த மனுசன்ர கால் எனக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம். உள்ளுக்குப் பாண் சுடப் பழகாட்டியும் அது ஞாபகம்தான் இருந்திருக்கும். ஆனா காலமை எழும்ப ஒரு காரணம் இருந்திராது.”

உள்ளே மூக்குச் சீறுகிற சத்தம் கேட்டது. கடுகுப் பையின் தூசியாயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பூட்டை வெட்டிக் கதவைத் திறந்ததும், தலையெல்லாம் மாவோடு ஐயா வெளியில் வந்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். பேனை கேட்டார். மேசைக்கு முன்னால் இருந்து இங்கிலீசில் எழுதினார். தயாளன் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான்:

“இந்த ஆளை மூன்று மாதமாக எண்ணி வந்தேன். ஒரு நாளும் குறையவில்லை. கத்திகள் யாவும் திரும்பி வந்தன. பணிஸ் நன்று.”

அடியில் தன் சொந்தப் பேரைத் தமிழில் எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் அதை முதல்முதல் கண்டேன், எழுத்துக்கூட்டி வாசித்தேன். இங்கே எழுதமாட்டேன். அவர் அனுமதியில்லாமல் ஒன்றும் வெளியில் போகக் கூடாது.

“அப்ப மறியல் திருத்தத்தான் எண்டு ஒத்துக்கொள்ளுறியளோ?” என்று கேட்டேன். கேட்காமல் விடுவேனா?

“இல்லை. தண்டனை தண்டனைதான்” என்றார் தலையில் மாவைத் தட்டிக்கொண்டே. “ஆனா அவன் அதை முடிச்சிட்டான். ஒரு ஆளை ரெண்டு தரம் எண்ணினா எண்ணிக்கை பிழை.”

தயாளனுக்கு வேலை கிடைத்தது. லீவு நாள் புதன்கிழமை, எங்களிடம் பணிஸோடு வந்துவிடுவான். பலகையில் அவனுடைய மா உருட்டுகிற கட்டைக்கும் ஐயா ஒரு உருவம் கீறினார். அந்தக் கிழமையிலிருந்து ஐயா எங்களைப் பேர் சொல்லி எண்ணத் தொடங்கினார். ஒன்பது வருசமாய் எண்ணின ஆட்களில் பாதி ஆட்களின் பேர் அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் அரை மணித்தியாலம் எடுத்தது, என் சொதி ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லாரும் முகம் கழுவிவிட்டு வந்தவர்கள்போல் நின்றார்கள்.

போன வருசம் ஐயா மெல்பேர்னுக்கு, ட்ருகனினாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது திறப்புக்கொத்தைத் தயாளனின் இடுப்பில் தானே மாட்டிவிட்டார். அங்கே சுற்றவரப் பெரிய பெரிய களஞ்சியக் கட்டடங்களாம், எல்லாம் அருமையான பூட்டுகளாம். போனில் புகழ்ந்து முடியவில்லை.

ஒவ்வொரு புதனும் இரண்டு மணிக்கு அவருடைய போன் வரும். சுகம் கேட்கமாட்டார்.

“பரிமளம், எண்ணிக்கை சரியோ?”

“இல்லை ஐயா. ஒண்டு குறையுது.”

“ஆர்? நம்பர் சொல்லாதேங்கோ, பேரைச் சொல்லுங்கோ!”

நான் அவருடைய பேரைச் சொல்லுவேன்.