தலைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

தமிழ் இலக்கியம் படித்தவனிடம் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம். நாலு வார்த்தையில் அறிவிப்பு எழுதும் வேலையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. நான் படித்தவன். எனக்குக் கொடுத்தார்கள். அதன் பலனை விருதுநகர் பஜாரே அனுபவித்தது.

அப்போது நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். வீடு ஆமத்தூரில். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து மருந்து வாடை இல்லாமல் வேலை முடிந்து திரும்பிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் கால் தரையில் படாது. டீக்கடையில் 'டீ' என்று கேட்க மாட்டேன், 'தேநீர்' என்பேன். (டீ மாஸ்டர் ஒருநாள், "தேனெல்லாம் இங்கன கிடையாது தம்பி, சீனிதான்" என்று சொல்லிவிட்டார்.)

ஹெல்மெட் கட்டாயம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த சமயம் அது. பைக் ஓட்டுகிற ஊரே ஒரே வாரத்தில் முகத்தைத் தொலைத்தது. கடைக்காரர்கள் மிரண்டுபோனார்கள். முகத்தைப் பார்த்து யாவாரம் செய்கிற ஊர் அது. ஆள் உள்ளே நுழையும்போதே இன்னார் மகன், இன்ன சரக்குக்கு வந்திருக்கிறான் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இப்போதோ மொழுமொழுவென்று ஒரு கறுப்பு உருண்டை வந்து நின்று, "அரைக் கிலோ வத்தல்" என்றால் எப்படி இருக்கும்? ஆகவே கடை வாசல்களில் ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர் வேண்டுமென்று வியாபாரிகள் சங்கத்தில் கேட்டார்கள். எங்கள் முதலாளி இலவசமாகவே அடித்துத் தருவதாகச் சொன்னார். காரணம், காலண்டர் சீசன் வந்துகொண்டிருந்தது. சங்கத்துக் கடைகளின் காலண்டர் ஆர்டர் மொத்தமும் எங்களுக்கு வரட்டும் என்று ஒரு கணக்கு.

"ஏலே முத்துக்குமாரு, 'ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க'. அம்புட்டுதான். அடிச்சு அனுப்பு" என்றார் முதலாளி.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஹெல்மெட்டா? தமிழில் சொல் இல்லையா? 'தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று மாற்றினேன். ஸ்டிக்கரின் அகலத்துக்குள் அந்த முதல் சொல் அடங்கவில்லை. 'தலைக்' என்று ஒரு வரி, 'கவசத்தைக்' என்று அடுத்த வரி, அதன் கீழே மற்றது என்று உடைத்தேன். முதலாளி பார்த்து, முகம் சுளித்து, சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. பார்க்க வெறுமையாக இருக்கிறதே, ஹெல்மெட் இல்லாத ஒரு சிரித்த முகத்தை நடுவில் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டரில் நானே அந்தப் படத்தை இழுத்து வைத்தேன். மறுபடி புரூஃப் எடுக்கவில்லை. நான்தானே புரூஃப் ரீடர்!

படம் சரியாக இரண்டாவது வரியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விருதுநகர் பஜாரில் பாதிக் கடைகளில் ஒட்டியாகிவிட்டது. மேலே 'தலைக்' என்று இருந்தது. நடுவில் கழுத்தோடு துண்டாக நிற்கும் ஒரு தலை, அதுவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. கீழே 'கழற்றிவிட்டு உள்ளே வரவும்'.

பஜாரிலிருந்து முதலாளிக்கு போன் வந்தது. பேசி முடித்து வைத்தவர் என்னைத் திட்டவில்லை. மேசை மேல் ஒரு ஸ்டிக்கரை வைத்து என் பக்கம் திருப்பினார். அதிலிருந்த தலை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"சங்கத்துச் செயலாளரு மதுரைக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு. அவரு கண்ணுல படுறதுக்குள்ள பஜார்ல ஒண்ணு மிச்சமிருக்கக் கூடாது. புதுசு நான் அடிச்சு அனுப்புதேன். காலண்டர் ஆர்டர் போச்சுன்னா ஒன்னோட வேலையும் போச்சுன்னு வச்சுக்கோ."

கம்பெனி பைக்கை எடுத்தேன். பேப்பர் வெட்டும் கத்தி ஒன்றும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டேன். ஆமத்தூர் தாண்டும்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. விருதுநகர் நான் கல்லூரி படித்த ஊர். முந்தின வாரம்தான் அங்கே தெரிந்தவர்களிடமெல்லாம், "பஜாரில் ஒரு ஸ்டிக்கர் வரப்போகிறது, வாசகம் நான் எழுதியது" என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது நானே கத்தியோடு போய்ச் சுரண்டிக்கொண்டு நின்றால்? அப்போதுதான் தலையிலிருந்த ஹெல்மெட் ஞாபகம் வந்தது. முழு முகத்தையும் மூடுகிற ரகம், கறுப்புக் கண்ணாடி வேறு. யாரும் ஏன் என்று கேட்க முடியாது, சட்டமே போடச் சொல்கிறது. இதைக் கழற்றாமலே வேலையை முடித்துவிட்டால் எவனுக்குத் தெரியப்போகிறது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

(ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லும் ஸ்டிக்கரை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் போய்க் கிழிக்கிறோமே என்று ஒரு நிமிஷம்கூட உறைக்கவில்லை. தலையை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன்.)

முதலில் பாத்திரக்கடை. யாரும் கவனிக்கவில்லை. அடுத்து மருந்துக்கடை. "யாருப்பா?" என்றார் கடைக்காரர். "சங்கத்துல இருந்து" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். பரோட்டாக் கடை வாசலில் ஒரு கூட்டமே ஸ்டிக்கரைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "தலையக் கழட்டி வச்சுட்டா சால்னாவ எதுக்குள்ளண்ணே ஊத்துறது?" என்று ஒருவர் கேட்க, மாஸ்டர் பரோட்டாவைக் கொத்தியபடியே, "பார்சல்தான்" என்றார். நான் ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியபடி சுரண்டினேன். எங்கள் சிவகாசிப் பசை லேசில் விடாது. அதிலும் ஒரு பெருமை அதுவரை எனக்கு இருந்தது.

அடுத்தது நகைக்கடை.

சின்னக் கடை. வெளியே இரும்புக் கிராதிக் கதவு, அதை இழுத்து மூடலாம். அதற்குள் இரண்டடி தள்ளிக் கண்ணாடிக் கதவு. ஸ்டிக்கர் கண்ணாடிக் கதவில். மதிய நேரம், கடைக்கார அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். உள்ளே வேலை பார்க்கும் பெண் மட்டும் தனியாக இருந்தாள். நான் கிராதியைத் தாண்டி உள்ளே போய், கண்ணாடியில் கை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

அவள் ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னாள். 'ஒன்றுமில்லை, உன் வேலையைப் பார்' என்று நட்போடு கையை ஆட்டினேன். கத்தி இருந்த கையை.

அவள் கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக எங்கேயோ போனாள். அப்பாடா, தொந்தரவு விட்டது என்று நினைத்தேன். பாதி ஸ்டிக்கரைக் கிழித்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் கடகடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கிராதிக் கதவு மூடியிருக்கிறது. பின்வாசல் வழியாகச் சந்தில் ஓடி, சுற்றி வந்து, வெளியிலிருந்து இழுத்துப் பூட்டிவிட்டாள் அந்தப் பெண்!

"திருடன்! திருடன்! எல்லாரும் வாங்க!"

பஜார் வந்தது. நான் முன்னால் கண்ணாடி, பின்னால் கம்பி, நடுவில் கூண்டுக்குள் கரடி மாதிரி நின்றேன். அவசரத்தில் கத்தியைக் கீழே போட்டேன். அது 'டங்' என்று விழுந்ததும், "கத்தி வச்சிருக்காம்லே!" என்று கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"நான் ஸ்டிக்கர் எடுக்க வந்தேன்! ஸ்டிக்கர்!" என்று கத்தினேன்.

"என்னலே சொல்லுதான்?"

"லாக்கருங்கான். லாக்கர எடுக்க வந்தானாம்!"

"எம்புட்டுத் திமிரு இருந்தா நம்மகிட்டயே சொல்லுவான்! ஏலே, ஹெல்மெட்டைக் கழட்டுலே!"

கழற்றியிருக்கலாம். கை தாடை வரை போனது. அப்போது பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார், எனக்குக் கல்லூரியில் இலக்கணம் நடத்திய தமிழய்யா. கையில் காய்கறிப் பை. என் கை அப்படியே இறங்கிவிட்டது. திருடனாகவே போலீஸுக்குப் போய்விடலாம், இவர் முன்னால் மட்டும் முகத்தைக் காட்டக் கூடாது என்று நினைத்தேன். கம்பி வழியாக ஒரு கட்டை உள்ளே வந்து விலாவில் இடித்தது. இரண்டாவது இடியில் கழற்றிவிட்டேன்.

கூட்டம் கம்பியோரம் நெருங்கி எட்டிப் பார்த்தது.

"ஏ, இது ஆமத்தூர்ப் பயல்ல? அச்சாபீஸ்ல இருக்கான்லா?"

"முத்துக்குமாரா?" என்றார் தமிழய்யா. என்னையும், கண்ணாடியில் பாதி தொங்கிய ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் செய்தது, ஏன் செய்தது எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. அவருக்கு எதுதான் விளங்காது?

"தலை கழற்றி. இரண்டாம் வேற்றுமைத் தொகை. வலி மிகாதுப்பா. 'தலையை'ன்னு உருபை விரிச்சுப் போட்டாத்தான் 'க்' வரும். இதக்கூடவா மறந்துட்ட?"

பஜாரே சிரித்தது. இலக்கணம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். நானும் இளித்தேன், வேறு என்ன செய்ய? உயிரோடு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

நகைக்கடை அண்ணாச்சி சோற்றுக்கையோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "மாரீஸ்வரி, சாவியக் குடு தாயீ" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்த்தேன். சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். படியோரத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. சாவியை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அழுத்தி வைத்திருந்தாள். அண்ணாச்சி கேட்டும் விரல் பிரியவில்லை. அவர் குனிந்து ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்தார்.

"சும்மா ஒரு பயலுக்குப் போயி இந்தக் கூப்பாடு போட்டுருச்சு பாரு" என்றார் ஒருவர்.

அண்ணாச்சி திரும்பினார். "அவ செஞ்சதுல என்னய்யா தப்பு? நீரு தனியா இருந்தா பின்வாசல் வழியா வீட்டுக்குல்லா ஓடியிருப்பீரு."

மாரீஸ்வரி யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மூஞ்சி தெரியலையேண்ணாச்சி. மூஞ்சி தெரிஞ்சிருந்தா இம்புட்டு பயந்திருக்க மாட்டேன்."

எனக்கு விலாவில் இடித்த கட்டை அப்போதுதான் வலித்தது. காலையிலிருந்து என் மானம், என் வேலை, என் தமிழ் என்று என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் நான் வெட்கத்தில் ஒளிந்துகொண்டிருந்த நேரம் பூராவும், வெளியே ஒரு பெண் உயிர்ப்பயத்தில் நின்றிருக்கிறாள். அந்த ஸ்டிக்கரை எதற்காகக் கேட்டார்களோ அது இந்தப் பயத்துக்காகத்தான். வாசகத்தை அழகுபடுத்தியவனுக்கு அது எதற்கென்று தெரிந்திருக்கவில்லை.

"மன்னிச்சுரும்மா" என்றேன். இலக்கியம் படித்தவனுக்கு அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி கிராதியைத் திறந்தார். நான் வண்டியைப் பார்த்து நடந்தேன். "எங்கன போற? ஆரம்பிச்ச வேலைய முடிச்சுட்டுப் போ. அந்தச் சட்டியப் புள்ளைகிட்டக் குடு" என்றார்.

ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, பஜார் வேடிக்கை பார்க்க, மிச்சத்தைச் சுரண்டினேன். அவள் அதை மடியில் வைத்துக் கண்ணாடியைத் திறந்து திறந்து மூடினாள். கூட்டம் கலைந்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெதுவாகத் தலையில் மாட்டிப் பார்த்தாள். நான் கதவுக் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். கழற்றிவிட்டு, முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள்.

"உள்ள இருந்தா வெளிய பேசுறது ஒண்ணுமே கேக்கலையேண்ணே. நான் ரெண்டு தடவ சொன்னேன், கழட்டிட்டு வாங்கன்னு."

"ஆமா தாயீ. கேக்கல."

உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மற்றக் கடைகளுக்கு ஹெல்மெட் இல்லாமலே போனேன். ஒவ்வொரு வாசலிலும், "வாரும் ஓய், லாக்கரு எங்கன இருக்குன்னு காட்டட்டுமா?" என்று வரவேற்றார்கள்.

செயலாளர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே கதை அவரை எட்டிவிட்டது. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியதாம். காலண்டர் ஆர்டர் எங்களுக்கே வந்தது. கூடவே, "அந்தப் பய புரூஃப் பாக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனையும் வந்தது. புது ஸ்டிக்கருக்கு 'முகம் காட்டி வாருங்கள்' என்று நான் ஒரு வாசகம் எழுதிக் காட்டினேன். முதலாளி பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தார். "கவிதையெல்லாம் வேண்டாம்லே. ஹெல்மெட்டுன்னே போடு."

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கல்யாணமாகி, கதை என் மனைவி கலா வீட்டுச் சொந்தங்கள் வரை பரவி, ஒவ்வொரு விசேஷத்திலும் புதிதாக ஒரு காட்சி சேர்ந்துகொண்டே இருக்கிறது. (மச்சினன் சொல்லும்போது என் கையில் அரிவாளே இருக்கும்.) எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். கடையோ பேங்கோ, வாசலுக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்ற எனக்கு மனசு வராது. உள்ளே இருப்பவர்கள் தூரத்திலேயே முகத்தைப் பார்த்துவிடட்டும் என்று தெருமுனையிலேயே கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொள்வேன்.

போன வருஷம் கலாவைப் பின்னால் வைத்துக்கொண்டு சாத்தூரில் ஒரு மளிகைக்கடைக்குப் போகும்போது போலீஸ்காரர் மறித்தார்.

"ஹெல்மெட்ட டேங்குக்கா மாட்டுறது? தலைக்கு என்ன கேடு?"

"அந்தா தெரியுதுல்ல சார், அந்தக் கடைக்குத்தான் போறேன். அதான் கழட்டினேன்."

"கடை இன்னும் அங்கன இருக்கு. இங்கனயே எதுக்குய்யா கழட்டுன?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கலா சொன்னாள்: "எழுதுங்க சார். இவரு தலையக் கழட்டாம வந்ததே பெருசு."

போலீஸ்காரர் விழித்தார். கலா வண்டியை விட்டு இறங்கி, ரோட்டோரத்திலேயே நின்று முழுக் கதையையும் சொன்னாள். லாக்கர் கட்டம் வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு போலீஸ்காரரையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவரும் சிரித்தார்.

அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்கு அபராதம் எழுதினார்கள்.