பற்றவைக்காத மெழுகுவத்தி

விருத்தாசலத்தில் கரண்ட் இருக்கும்போது மெழுகுவத்தி வாங்கிய ஒரே ஜீவன் எங்கள் மெழுகுவத்தி அக்காதான். வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் பற்றவைத்ததில்லை. பற்றவைக்காமலேயே ஒரு கம்பெனியைக் கதிகலங்க அடித்தார்.

மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், நாலு மெழுகுவத்தி. அவர் கடைக்கு வந்தாலே கடைக்கார பாய் கலவரமாகி, "இன்னிக்கி எப்பக்கா கரண்டு போவுது?" என்று விசாரித்து வைத்துக்கொள்வாராம்.

வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கிறதே, அதைச் செய்கிற பீங்கான் கம்பெனியில் நான் அப்போது பேக்கிங் சூப்பர்வைசர். அக்காவையும் சேர்த்து முப்பது பெண்கள் கட்டைகளைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பக்கம் சூளை, மறு பக்கம் முதலாளி ரூம் ஏசியின் வெளிப்பெட்டி. அவர் உள்ளே குளிரக் குளிர, அது எங்கள் ஷெட்டுக்குள் அனலாக ஊதும்.

மூன்று கோடைக்கு முன், ஒரு மத்தியானம் கலா என்ற பெண் பெட்டிகள் மேலேயே மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம். வருகைப் பதிவேட்டில் 'அரை நாள் லீவு' என்று எழுதிய புண்ணியவான் நான்தான்.

மறுநாள் என் மேசையில் ஒரு களிமண் உருண்டை. அதில் குத்திய மெழுகுவத்தி.

"என்னாக்கா இது? இன்னிக்கி எனக்கு பொறந்த நாளு இல்லியே?"

"கோனு சார்."

சூளைக்குள் சின்னதாக ஒரு கூம்பு வைப்போம். அதற்குப் பெயர் கோன். சூடு வேண்டிய அளவு ஏறியதும் அது தலை சாயும்; சரக்கு வெந்துவிட்டது என்று அர்த்தம்.

"கட்டை வெந்துச்சான்னு பாக்க கோனு வெச்சிருக்கீங்க. நாங்க வெந்துட்டமான்னு எத வெச்சி பாக்குறீங்க? இது சாஞ்சா நாங்க வெளிய போயிடுவோம். வெயிலு தாழ வந்து மிச்சத்த முடிச்சி குடுக்குறோம். கூலி மட்டும் கொறையக் கூடாது."

நான் சிரித்தேன். இரண்டு மணிக்கு மெழுகுவத்தி கடைசி பெஞ்சுப் பையனைப்போலத் தலையைத் தொங்கப்போட்டது. முப்பது பேரும் எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். திட்டுவதற்காக நானும் பின்னாலேயே போனேன். நிழல் நன்றாக இருந்ததால் நிறுத்தி நிதானமாகத் திட்டினேன்.

இதே கூத்து நாலு நாள் நடந்தது. அதற்குள் அக்கா ரேஷன் கடை வரிசையிலும் ஒன்றை நட்டு, அது வளைந்ததும் கையோடு தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போயிருக்கிறார். "மனு எங்கம்மா?" என்று கேட்டார்களாம். "இதான் சார் மனு." வரிசைக்குப் பந்தல் வந்துவிட்டது.

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "மட்டமான சரக்கு, சாயாம என்னா பண்ணும்?" என்று புதுச்சேரியிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் ஒன்றை வாங்கி வந்தார். "இது சாஞ்சா நான் ஒத்துக்கிறேன். சாயறதுக்கு முன்ன எவளாவது எந்திரிச்சா வேலை கெடையாது!" பன்னிரண்டு மணிக்கு நாற்காலியைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தார்.

முப்பது பேர் வீட்டு அடுப்பு அந்த மெழுகில் இருந்தது. அது ஒரு மணிக்கும் விறைப்பாக நின்றது. அக்கா முகமே செத்துப்போயிற்று.

ஒன்றரைக்கு முதலாளி சட்டையில் ஒரு பொத்தானைக் கழற்றினார். பிறகு இன்னொன்று. பதிவேடு விசிறியானது.

"எங்கேருந்துய்யா இந்த அனலு வருது?"

"உங்க ரூம்லேருந்துதான் மொதலாளி," என்றார் அக்கா.

ஒன்றே முக்கால். மெழுகுவத்தி அப்படியே நின்றது. முதலாளி சாய்ந்தார், மெதுவாக, என் மேல்.

வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனோம். அக்கா தன் மோரைப் புகட்டி அட்டையால் விசிறினார். முதலாளி கண் திறந்ததும் போன உயிர் எங்களுக்குத் திரும்பி வந்தது. அது வந்து உட்காருவதற்குள் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"சார், மொதலாளிக்கு அரை நாளு லீவு எழுதிக்கிங்க."

"எனக்கு எதுக்கு லீவு? மயக்கம் வந்தா லீவா?"

"கலாவுக்கு அப்பிடித்தான எழுதுனாங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். முதலில் சிரித்தவள் கலா. அப்புறம், கடவுள் புண்ணியம், முதலாளியும் சிரித்துவிட்டார். அன்றைக்கு விட்டதுபோல ஒரு பெருமூச்சை நான் அதற்குப் பிறகு விட்டதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேலை காலை ஆறுக்கே ஆரம்பித்தது. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஓய்வு, கூலியில் பிடித்தம் இல்லை. கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். ஏசிப் பெட்டி ரோட்டுப் பக்கம் திரும்பியது. கலாவின் அரை நாளை நானே அடித்துவிட்டு முழு நாள் என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக என்றும் அமைந்ததில்லை.

நான் வேலையை விட்டுக் கிளம்பியபோது அக்கா ஒரு மெழுகுவத்தி கொடுத்தார். அது என் எழுதும் மேசையில் நிற்கிறது. இன்று மத்தியானம் சாய்ந்துவிட்டது. உடனே போன் போட்டேன்.

"அக்கா, சாஞ்சிடுச்சிக்கா."

"அப்பறம் இன்னும் எதுக்கு சார் எழுதிகிட்டு இருக்கீங்க? எந்திரிச்சி நெழலுக்குப் போங்க. நான் திரும்ப போன் பண்ணிக் கேப்பேன்."

அந்த போன் வரட்டும் என்றுதான் இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.