சீதன வீட்டுச் சிக்னல்

"ஹலோ... ஹலோ... தம்பி, கேக்குதா? நான் மீராசா ஹாஜியார் கதைக்கிறன்."

வயல் வரம்பில் ஒற்றைக் காலில் நின்று கத்திக்கொண்டிருந்தவரின் பெயர் மீராசாவும் இல்லை, அவர் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவும் இல்லை. அவர் மீராமுகைதீன். மற்றக் காலையும் ஊன்றினால் போனில் இருக்கிற ஒரேயொரு கோடும் போய்விடும் என்பது அவர் அனுபவத்தில் கண்டுபிடித்த உண்மை.

"சொல்லுங்க ஹாஜியார்," என்றது மறுமுனை. லைன் வெட்டி வெட்டி வந்தது. ஆள் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது. "பெட்டியில இப்ப என்ன லைட் எரியுது?"

"சிவப்பு."

"நேத்தும் சிவப்புத்தானே."

"நேத்து இந்தளவு சிவப்பு இல்ல தம்பி."

கல்முனைக்கு மேற்கே, வயலோடு ஒட்டியிருந்த அந்தப் புதுவீடு மகள் ஆதிலாவுக்காகக் கட்டியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஆகவே மீராமுகைதீன் இருபது வருடமாகக் கல் சேர்த்து, மண் சேர்த்து, தரைக்கு மாபிள் பதித்து, அறையோடு சேர்ந்த குளியலறையும் வைத்து வீட்டை முடித்திருந்தார். எல்லாம் இருந்தது. சிக்னல் மட்டும் இல்லை.

ஒரு மாதத்துக்கு முன், கட்டாரில் இருக்கிற மகன் அக்ரமின் குழந்தையைப் பார்க்கவேண்டும் என்று மனைவி ஸாலிஹா ஆசைப்பட்டாள். கம்பி இல்லாமல் காற்றிலேயே இன்டர்நெட் வருமாமே என்று மீராமுகைதீனும் டவுனுக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். முதல் நாள் குழந்தை கொட்டாவி விட வாயைத் திறந்தது. அத்தோடு படம் நின்றுவிட்டது. திறந்த வாய் அதற்குப் பிறகு மூடவே இல்லை.

கம்பனிக்கு முறைப்பாடு செய்யலாம்தான். ஆனால் எந்த முகத்தோடு செய்வது? இரண்டு வருடத்துக்கு முன் அதே கம்பனி பக்கத்து வளவில் டவர் போட வந்தபோது, டவர் வந்தால் குருவி செத்துப்போகும், மாடு பால் தராது, ஆம்பிளைகளுக்குத் தலை வழுக்கையாகும் என்று பெட்டிசம் எழுதி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியவர் மீராமுகைதீன்தான். முதல் கையெழுத்தே அவருடையது. டவர் அரிசி ஆலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. குருவிகள் நலமாக இருந்தன. மீராமுகைதீனின் தலை மட்டும் டவர் இல்லாமலே வழுக்கையாகிவிட்டது.

அதனால்தான் 'மீராசா ஹாஜியார்' பிறந்தார். பெட்டி விற்ற கடைக்காரர், "இவர்தான் இந்தப் பகுதிக்கு இஞ்சினியர், நல்ல பொடியன்," என்று ஓர் இலக்கத்தை மட்டையின் மேல் எழுதிக் கொடுத்திருந்தார். மீராமுகைதீன் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி அந்த இலக்கத்துக்குக் கதைப்பார். சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஒன்று. பகல் சோற்று நேரத்தில் ஒன்று. பிறகு தோன்றும்போதெல்லாம் ஒவ்வொன்று. நேரில் வந்து பார்க்கிறேன் என்று அந்தப் பொடியன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான்.

"வரத் தேவல்ல தம்பி. போனாலேயே சொல்லுங்க," என்று தடுத்துவிடுவார்.

இப்படி வரம்பில் நின்று கத்திக்கொண்டிருந்த நாளில்தான் கலியாணத் தரகர் ஸைனுலாப்தீன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மச்சான், காலக் கீழ வைங்க. நல்ல செய்தி கொண்டாந்திரிக்கன்."

மாப்பிள்ளை சம்மாந்துறை. பெயர் றிஸ்கான். தொழுகையாளி, உம்மாவுக்கு ஒரே பிள்ளை. படத்தை ஆதிலா பார்த்தாள். இதற்கு முன் மூன்று சம்பந்தம் வந்து, மூன்றும் ஏதோ ஒரு காரணத்தால் கைகூடாமல் போயிருந்தன. அதன்பிறகு யார் படத்தைக் காட்டினாலும் "வாப்பாட விருப்பம்" என்று எழும்பிப் போகிறவள், இந்தப் படத்தைத் திருப்பித் தரவே மறந்துவிட்டாள். ஸாலிஹாவுக்கு அது போதுமாக இருந்தது.

"என்ன வேலை செய்றார்?" என்று கேட்டார் மீராமுகைதீன்.

"இஞ்சினியர். கம்பனி வேலை. என்னமோ இன்டர்நெட்டாலதான் செய்ற. எந்நேரமும் போனும் கையும்தான் மச்சான். சீதனம், காசு, ஒண்டும் கேக்கல்ல. ஒண்டே ஒண்டுதான் கேட்டார்."

"என்ன?"

"அந்த ஊட்டுல சிக்னல் எப்பிடி எண்டு."

மீராமுகைதீன் கையில் இருந்த போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியா, வந்து பாருங்க எண்டிட்டன். வாற வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸருக்குப் பிறகு உம்மாவோட ஊடு பாக்க வாறார்."

அன்று மீராமுகைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் வாழ்க்கை இப்போது ஒரு சின்னப் பெட்டியின் லைட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் ஆதிலாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தபோது மனிதருக்குக் கண் கலங்கியேவிட்டது. வரம்புக்கு ஓடினார்.

"உயரத்தில வைங்க ஹாஜியார்," என்றது கிணற்றுக் குரல்.

உயரம் என்றால் தண்ணீர்த் தாங்கி. பெட்டியை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, பொலித்தீனால் சுற்றி, தாங்கியின் மேல் கட்டினார். பச்சை லைட் எரிந்தது. கட்டாரில் குழந்தை வாயை மூடியது. ஸாலிஹா அழுதாள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் டப்பாவுக்குள் இருந்த பெட்டி வெந்து, உருகி, ஒரு பக்கம் கோணிக்கொண்டு மூச்சை நிறுத்தியது.

"பெட்டிய அவிச்சிட்டீங்களே," என்றாள் ஆதிலா.

புதிய பெட்டி வந்தது. கூடவே வெளியில் பூட்டுகிற அன்டனாவும், அதற்கு இருபது அடி இரும்புக் குழாயும் வந்தன. குழாயைக் கூரையில் நட்டு, அன்டனாவை டவர்ப் பக்கம் திருப்பினார். இரண்டு நாளாகச் சிவப்பு மாறவே இல்லை.

"டவர் தெளிவாத் தெரியுதா ஹாஜியார்?"

"ஏன் தெரியாம? புகை வாறது கூடத் தெரியுது."



"ஹாஜியார், டவரில புகை வராது. அது அரிசி ஆலைட புகைக்குழாய்."

அன்டனாவை மறுபடி திருப்பியபோதுதான் உண்மையான இடைஞ்சல் தெரிந்தது. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னை நின்றது. ஸாலிஹாவின் செவ்விளநீர்த் தென்னை.

"மரத்துல கை வெச்சிங்க எண்டா நான் உம்மா ஊட்டுக்குப் போயிருவன்," என்றாள் ஸாலிஹா.

"இந்த ஊடு நிக்கிறதே ஒண்ட உம்மாட வளவுலதானே கா. எங்க போகப் போறா?"

ஸாலிஹா யோசித்தாள். பிறகு உள்ளே, படத்தை இன்னும் திருப்பித் தராத மகளைப் பார்த்தாள். "வெட்டுங்க," என்று சொல்லிவிட்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மரம் வெட்டுகிற பவிதரன் சொறிக்கல்முனையில் இருந்து வெள்ளிக்கிழமை காலையில்தான் வர முடிந்தது. மெஷின் வாளை இறக்கி வைத்துவிட்டு, மரம் வயல் பக்கம் சாய்கிற மாதிரி வடத்தைக் கட்டினான்.

"காக்கா," என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான், "ஒரு உதவி செய்யுங்க."

"சொல்லு மனே."

"வடத்தைத் தொடாம தூர நில்லுங்க."

அது மீராமுகைதீனால் முடியாத காரியம். மரம் லேசாக அசைந்ததும், அது தப்பான பக்கம் போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஓடிப்போய் வடத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மரம் அவர் சொல்லைக் கேட்டது. சாவகாசமாகத் திரும்பி வந்து இருபது அடிக் குழாயை மடக்கி, அன்டனாவைத் தட்டையாக்கி, வீட்டுக்கு வருகிற கரண்ட் கம்பியையும் அறுத்துக்கொண்டு முற்றத்தில் படுத்தது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அல்லாஹ் காப்பாத்திட்டான்," என்றாள் ஸாலிஹா.

"உங்களைத்தான் காக்கா. மத்தது எல்லாம் போயிட்டு," என்றான் பவிதரன்.

கரண்ட் ஆட்கள் நாளைக்குத்தான் வருவோம் என்றார்கள். மீராமுகைதீன் வரம்புக்கு ஓடி ஒற்றைக் காலில் நின்றார்.

"தம்பி, எல்லாம் உழுந்திட்டு. ஏதாவது ஒரு வழி சொல்லுங்க."

"ஹாஜியார்," என்று கிணற்றுக் குரல் முதல் தடவையாகக் கெஞ்சியது. "இண்டைக்கு ஒரு நாள் மட்டும் என்னை உடுங்க. எனக்கு ஒரு முக்கியமான விசயம் இரிக்கி."

"உங்களுக்கு என்ன தம்பி பெரிய முக்கியம்? இஞ்ச ஒரு கொமர்ப் புள்ளைட வாழ்க்கை கிடக்கு."

லைன் அறுந்தது. தானாக அறுந்ததா, அறுத்தானா என்று தெரியவில்லை.

மடங்கிய குழாயையும் தட்டையான அன்டனாவையும் மீராமுகைதீன் தென்னோலைக்குக் கீழே ஒளித்து முடிக்கவும், அஸருக்குப் பிறகு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை றிஸ்கான், அவன் உம்மா சுல்பிகா, தரகர் ஸைனுலாப்தீன். மின்விசிறி சுற்றவில்லை. மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. இளநீருக்கு மட்டும் குறைச்சலே இல்லை. விழுந்த மரத்திலிருந்து பறித்துப் பறித்துக் கொடுத்தார்கள். ஆதிலா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தபோது சுல்பிகா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். மாப்பிள்ளையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

பிறகு அவன் எழும்பிச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"ஊட்டச் சுத்திப் பாக்கலாமா மாமா?"

மீராமுகைதீன் பின்னாலேயே போனார். மாப்பிள்ளை மண்டபத்தில் போனை உயர்த்திப் பார்த்தான். அறையில் பார்த்தான். குளியலறைக்குள் போய்ப் பார்த்தான்.

"இது மாபிள் தம்பி. ராசியான கல்," என்றார் மீராமுகைதீன்.

அவன் குசினியில் பார்த்தான்.

"இன்னொரு இளநி வெட்டட்டா?"

"போதும் மாமா. மூண்டு குடிச்சிட்டன்."

கிணற்றடிக்கும் போனான். ஒவ்வோர் இடத்திலும் அவன் புருவம் இன்னும் கொஞ்சம் மேலே போனது. மொட்டைமாடியிலும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, எல்லாருக்கும் நடுவில் நின்று, மெதுவாகச் சொன்னான்.

"ஒரு கோடும் இல்ல."

ஸைனுலாப்தீன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஆதிலா தலையைக் குனிந்தாள். மகளின் குனிந்த தலையைக் கண்டதும் மீராமுகைதீனுக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஓம் தம்பி. இல்லத்தான். பொய் சொல்லிப் பிள்ளையக் கட்டித்தர எனக்கு ஏலா. டவர் இந்தப் பக்கத்து வளவுக்குத்தான் வந்தது. பெட்டிசம் எழுதி விரட்டினது நான்தான். முதல் கையெழுத்து எண்ட. பிழை என்னில. எண்ட மகள்ல ஒரு பிழையும் இல்ல."

றிஸ்கான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிட்ட வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லா வெக்கட்டும் மாமா. எனக்கு இந்த ஊடுதான் வேணும். நாள் குறிங்க."

ஸாலிஹா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆதிலா எழும்பி உள்ளே போனாள். போகிற நடையிலேயே விருப்பம் தெரிந்தது. ஸைனுலாப்தீன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு நாலாவது இளநீரைக் கேட்டார். மீராமுகைதீனுக்கு ஒரு மாதத்துச் சுமை தோளில் இருந்து இறங்கிவிட்டது. அப்படியே கதிரையில் சாய்ந்து, நன்றாக மூச்சை இழுத்து விட்டார். விட்ட பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"அப்ப, தம்பிக்குச் சிக்னல் வேணாமா?" என்று சுல்பிகாவிடம் கேட்டார்.

சுல்பிகா வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்தாள். இத்தனை நேரமும் சாந்தமாக இருந்த முகம் சிவந்துபோனது.

"ஏன் கேக்கிறீங்க மச்சான், எண்ட புள்ளைட கம்பனியில பெட்டி வாங்கின மீராசா ஹாஜியார் எண்டு ஒரு மனிசன் இந்த ஒரு மாசமா அவனுக்கு நிம்மதியா ஒரு பிடி சோறு திங்க உடல்ல, அந்த ஆள்ட கோல் வராத ஊடு கிடைச்சாத்தான் கலியாணம் எண்டு புள்ள நிய்யத்து வெச்சிருந்தான்."