மேட்டில் மட்டும் ஏறும் டிரெய்லர்

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும். மேட்டைப் பார்த்தே ஓடும் ஒரு தாராளமும் உண்டு. அதைச் சுமந்து திரிபவர்களை மேல்நோக்கி வள்ளல்கள் எனலாம். நார்வேயில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எல்லோரும் சமம் என்பார்கள். ஆகவே இந்த இனத்தைக் கண்டுபிடிக்க, காருக்குப் பின்னால் மாட்டிச் சாமான் ஏற்றும் ஒரு டிரெய்லரை இரவல் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சுன்னிவா கேட்டாள். அவள் பம்ப் பொறியாளர். அப்பா இறந்து இரண்டு வாரம். நான்காம் மாடியிலிருந்த அவர் வீட்டைச் சனிக்கிழமை மூன்று மணிக்குள் காலி செய்தாக வேண்டும். தவறினால் அவருடைய தச்சு மேசை குப்பைக்குப் போய்விடும்.

"அடடா, கேக்கவே கஷ்டமா இருக்கும்மா," என்றார் பக்கத்து வீட்டு ஹால்வர். "ஆனா பின்விளக்கு எரியலையே. டயர்லயும் காத்தில்ல."

அன்று காலைதான் அதே டிரெய்லர், பின்விளக்கு சிமிட்ட, பல் மருத்துவர் பெர்க்லியோத்தின் ஒரே ஒரு பூந்தொட்டியைக் கம்பளி போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி, பச்சைக் குழந்தைபோல் ஊர்வலம் கொண்டுபோயிருந்தது. தொட்டி காலி.

சுன்னிவா பெர்க்லியோத்திடம் போய், "எனக்காக நீங்க கேளுங்களேன்," என்றாள்.

மருத்துவர் போன் செய்தார். "ஹால்வர், மேசை ஒண்ணு எறக்கணும்."

ஆறே நிமிடம். கயிறு, கம்பளி, மனைவி சுட்ட வாஃபிள் சகிதம் ஹால்வர் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்; மருத்துவரும் வந்திருந்தார். டயர் தானாகவே ஊதிக்கொண்டிருக்க வேண்டும்.

"டாக்டர், நீங்க தொடாதீங்க! உங்க கை முக்கியம்!" ஒரு முனையை ஹால்வர் தூக்கினார், மறுமுனையைச் சுன்னிவா. "பாத்துத் தூக்கும்மா, டாக்டர் மேசையில கீறல் விழுந்துடப் போவுது!"

"இது எங்கப்பா மேசை."

ஹால்வர் படியில் நின்றார். மேசையும் அந்தரத்தில் நின்றது. மருத்துவரை நிமிர்ந்து பார்த்தார். "இவளோடதா?"

"எனக்கு வேண்டிய பொண்ணோடது."

மேசை இறங்கியது.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம். கதவைப் பூட்ட மேலே போனாள் சுன்னிவா. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் அப்பா போனில், "குழாய் சொட்டுதும்மா, வந்து பாக்குறியா?" என்று கேட்டிருந்தார். "இந்த வாரம் நேரமே இல்லப்பா." அன்று மாலையே அவள், யாரும் கேட்காமல், மேலாளரின் கோடைக் குடிலுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பைச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.

பையில் கிடந்த ஒரு வாஷர். நான்கு நிமிட வேலை. முடித்துவிட்டுப் பூட்டினாள்.

ஹால்வரைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. நீங்கள் கடைசியாக யாரிடம் நேரமில்லை என்றீர்கள்? அன்று மாலை எங்கே இருந்தீர்கள்?